மாற்றுத்திறன் குழந்தைகளுக்காகப் பள்ளிக்கு வரும் அரசு நிதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியிலோ படிக்கும் மாற்றுத்திறன் குழந்தைகளின் பெற்றோர், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்கள், தலைமை ஆசிரியர்கள் ஆகியோருக்காக எழுதியது இது. ஒன்றிய அளவில் கல்வித் துறை நடத்தும் வட்டார வள மையத்தில் காத்திருக்கும் நேரத்தில் பெற்றோர் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்விகள்தான் பெரும்பாலும் இங்கே உள்ளன. விவரம் தெரிந்த பெற்றோரின் பிள்ளைக்குக் கிடைப்பது, தெரியாத பெற்றோரின் பிள்ளைக்குக் கிடைக்காமல் போகிறது. அது மாற வேண்டும் என்பதால் சில பதில்களைச் சற்று நீளமாகவே எழுதியிருக்கிறேன்.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது?

சமக்ர சிக்ஷா என்ற திட்டத்திலிருந்து. தமிழ்நாட்டில் இதை ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி என்கிறோம். அனைவருக்கும் கல்வி இயக்கம், இடைநிலைக் கல்வித் திட்டம், ஆசிரியர் கல்வித் திட்டம் என்று தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்த மூன்றையும் 2018-ல் ஒன்றாக்கி, மழலையர் வகுப்பிலிருந்து 12ஆம் வகுப்பு வரைக்கும் ஒரே திட்டமாகக் கொண்டுவந்தார்கள். மத்திய அரசு 60 பங்கு, தமிழ்நாடு அரசு 40 பங்கு. அதற்குள் ‘உள்ளடக்கிய கல்வி’ என்ற தலைப்பில் ஒதுக்கப்படும் தொகைதான் நம் பிள்ளைகளுக்கானது.

ஒவ்வோர் ஆண்டும் மாவட்டங்கள் எத்தனை குழந்தைகள், என்னென்ன தேவை என்று திட்டம் போட்டு மாநிலத் திட்ட இயக்ககத்துக்கு அனுப்புகின்றன. மாநிலம் அதைத் தொகுத்து டெல்லியில் உள்ள திட்ட ஒப்புதல் வாரியத்தின் முன் வைக்கிறது. அங்கே ஒப்புதலான தொகை மாநிலம், மாவட்டம், வட்டார வள மையம் என்று கீழே இறங்கி வருகிறது. இந்த வரிசை தெரிந்திருப்பது முக்கியம். உங்கள் குழந்தையின் பெயர் முதல் கட்டத்திலேயே விடுபட்டிருந்தால், அந்தக் குழந்தைக்காக அந்த ஆண்டுத் திட்டத்தில் யாரும் பணம் கேட்டிருக்க மாட்டார்கள்.

பெயர் சேர்ந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

வகுப்பு ஆசிரியரிடம் கேட்டால் போதும். பள்ளி மாணவர்களின் விவரங்களைப் பதியும் எமிஸ் இணையத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் உள்ள பக்கத்தில் மாற்றுத்திறன் வகையைக் குறிக்கும் இடம் இருக்கிறது. அங்கே சரியான வகை குறிக்கப்பட்டிருக்க வேண்டும். வெறுமனே ‘இல்லை’ என்று இருந்தால் திருத்தச் சொல்லுங்கள்; தவறான வகை இருந்தாலும் அப்படியே. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையை ‘அறிவுசார் குறைபாடு’ என்று மட்டும் குறித்துவிட்டால், அந்தக் குழந்தைக்கு வேண்டிய சி.பி. நாற்காலியும் (மூளை முடக்குவாதக் குழந்தைகளுக்கான தனி நாற்காலி) இயன்முறை சிகிச்சையும் கணக்கில் வராமல் போகலாம். பள்ளி மாறும்போதும், ஐந்திலிருந்து ஆறாம் வகுப்புக்கும் எட்டிலிருந்து ஒன்பதாம் வகுப்புக்கும் போகும்போதும், இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.

ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் என்கிறார்கள். அதைக் கையில் தருவார்களா?

தரமாட்டார்கள். அது பெற்றோருக்குச் சேர வேண்டிய ரொக்கமும் இல்லை, பள்ளியின் கணக்கில் தலைக்கு இவ்வளவு என்று வந்து விழும் பணமும் இல்லை. ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை என்ற அளவை வைத்து மாவட்டம் திட்டம் போடலாம் என்பதுதான் விதி. ‘வரை’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒப்புதலாகும் தொகை அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம்.

கணக்கு எப்படிப் போகும் என்பதற்கு ஓர் உதாரணம். ஒரு வட்டாரத்தில் 200 குழந்தைகள் என்று வைத்துக்கொள்வோம். முழு அளவில் ஒப்புதலானால் 7 லட்சம் ரூபாய் வரும். அதை 200 சம பாகமாகப் பிரிப்பதில்லை. பார்வைக் குறைவுள்ள ஒரு மாணவிக்குப் பெரிய எழுத்துப் புத்தகமும் உருப்பெருக்கியும் இருந்தால் போதும். அவளுக்கு 3,500 ரூபாய் ஆகாமலே போகலாம். நடக்க முடியாத ஒரு சிறுவனுக்கு வாரந்தோறும் சிகிச்சை, பிரத்யேக நாற்காலி, பள்ளிக்கு அழைத்து வர ஓர் ஆள் என்று அதைவிடப் பல மடங்கு ஆகும். அந்த மாணவியிடம் மிஞ்சுவது இந்தச் சிறுவனுக்குப் போகிறது. இது நியாயமான ஏற்பாடு என்றே நான் நினைக்கிறேன். ஆனால் இதில் ஓர் ஆபத்தும் உண்டு. யாருடைய தேவை எழுத்தில் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் பங்கு போகும். வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வந்தவர்களின் தேவை திட்டத்தில் ஏறாது.

அந்தப் பணத்தில் என்னென்ன செய்யலாம்?

குழந்தைகளைக் கண்டறிந்து மதிப்பிடும் முகாம்கள், உதவி உபகரணங்கள், பிரெய்ல் மற்றும் பெரிய எழுத்துப் புத்தகங்கள், கற்பித்தல் கருவிகள், இயன்முறை, பேச்சு, தொழில்வழி சிகிச்சைகள், குறைநீக்க அறுவை சிகிச்சை, போக்குவரத்துப் படி, துணையாளர் படி, பார்வையற்ற மாணவருக்கு வாசித்துக் காட்டுபவருக்கான படி, ஆசிரியர்களுக்குப் பயிற்சி, பெற்றோருக்கும் ஊராருக்கும் விழிப்புணர்வு நிகழ்ச்சிகள் ஆகியவை. இவற்றில் எது எவ்வளவு என்பதை அந்த ஆண்டின் ஒப்புதல் முடிவு செய்யும். சிகிச்சை பெரும்பாலும் வட்டார வள மையத்தில் நடக்கிறது. கண்டறியும் முகாமுக்கு வட்டாரத்துக்கு ஒரு முகாம், 10,000 ரூபாய் என்று தனி அளவும் உண்டு.

விழிப்புணர்வு நிகழ்ச்சிகளைப் பற்றி ஒரு வார்த்தை. உலக மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3 அன்று ஊர்வலமும் விளையாட்டுப் போட்டியும் நடத்துவதில் தவறில்லை. பிள்ளைகள் மேடை ஏறுவதைப் பார்ப்பது பெற்றோருக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் அதே வட்டாரத்தில் இயன்முறை மருத்துவர் வராமல் மாதக்கணக்கில் சிகிச்சை நின்று போயிருந்தால், முதலில் எதைச் சரிசெய்வது என்று அதிகாரிகளிடம் கேட்கும் உரிமை பெற்றோருக்கு இருக்கிறது.

எதற்குச் செலவிடக் கூடாது?

அரசு நிதிக்குப் பொதுவான விதி ஒன்று உண்டு: எந்த நோக்கத்துக்காக ஒப்புதல் பெற்றதோ அதற்கு மட்டுமே செலவிட வேண்டும். செலவு முடிந்தபின் அப்படித்தான் செலவிட்டோம் என்று பயன்பாட்டுச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். ஆகவே பள்ளிக்கு வெள்ளையடிப்பது, தலைமை ஆசிரியர் அறைக்கு மேசை வாங்குவது, எல்லா மாணவருக்கும் பொதுவான ஆண்டு விழா நடத்துவது போன்றவற்றை இந்தத் தலைப்பில் எழுத முடியாது.

சங்கடமான இடம் ஒன்று இருக்கிறது. மாற்றுத்திறன் குழந்தைகளுக்குச் சிறப்புப் பயிற்சி நடக்கும் வள அறைக்கு என்று ஒரு கணினி வாங்கப்படுகிறது. சிறிது நாளில் அது அலுவலக வேலைக்குப் போய்விடுகிறது. ரசீது சரியாக இருக்கும், இருப்புப் பதிவேட்டிலும் பொருள் இருக்கும், குழந்தையின் கைக்கு மட்டும் அது வராது. தணிக்கையில் இது பிடிபடுவது அரிது. பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர் கண்ணால் பார்த்துக் கேட்டால்தான் தெரியும். பேச்சு வராத ஒரு குழந்தைக்கு வாங்கிய படம் காட்டிப் பேசும் செயலி உள்ள டேப்லெட் பீரோவில் பூட்டிக் கிடந்தால், அந்தக் குழந்தையின் குரலையே பூட்டி வைத்திருக்கிறோம். உடைந்துவிடும், தொலைந்துவிடும் என்ற பயம் ஆசிரியருக்கு இருப்பது எனக்குப் புரிகிறது. வழங்கிய தேதியையும் பெற்றோர் கையெழுத்தையும் பதிவேட்டில் வாங்கிக்கொண்டு குழந்தையிடம் கொடுத்துவிடுவதுதான் முறை.

சாய்தளம், கைப்பிடி, தகுந்த கழிப்பறை இவற்றை இந்த 3,500 ரூபாயிலிருந்து கட்டலாமா?

கூடாது. கட்டுமானம் தனித் தலைப்பு. அதற்கு வேறாகக் கேட்க வேண்டும். இருக்கும் சாய்தளத்தில் கைப்பிடி கழன்றுவிட்டது, கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாள் எட்டவில்லை என்பது போன்ற சிறிய பழுதுகளைப் பள்ளிக்கு வரும் கூட்டு மானியத்தில் பார்த்துக்கொள்ளலாம். அந்த மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து 10,000 ரூபாயிலிருந்து 1,00,000 ரூபாய் வரை இருக்கும். அதைச் செலவிடுவதில் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் பங்கு உண்டு என்பதால் தீர்மானம் போட்டுக் கேளுங்கள்.

என் மகளுக்கு மாதம் 200 ரூபாய் வரும் என்றார்கள். வரவில்லையே?

மாற்றுத்திறன் மாணவியருக்கு மாதம் 200 ரூபாய் வீதம் 10 மாதங்களுக்கு, ஆண்டுக்கு 2,000 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு. முன்பு 9 முதல் 12ஆம் வகுப்பு வரை மட்டும் இருந்தது. சமக்ர சிக்ஷாவில் 1ஆம் வகுப்பிலிருந்தே கிடைக்கிறது. இது பணமாக நேரடியாக வங்கிக் கணக்குக்கு வருவது.

வராததற்குக் காரணம் பெரும்பாலும் வங்கியில்தான் இருக்கும். குழந்தையின் பெயரில் கணக்கு இருந்தும் ஆதார் இணைக்காமல் இருக்கலாம். நீண்ட நாள் வரவு செலவு இல்லாததால் கணக்கு முடங்கியிருக்கலாம். எமிஸில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொரு எழுத்து என்று இருக்கலாம். தலைப்பெழுத்து முன்னால் வருவதா பின்னால் வருவதா என்ற வித்தியாசத்துக்கே பணம் திரும்பிப் போய்விடும். பாஸ்புக், ஆதார், எமிஸ் மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் வரவில்லையென்றால் வட்டார வள மையத்தில் உங்கள் மகளின் பெயர் எந்தப் பட்டியலில் போனது, எந்தத் தேதியில் போனது என்று கேளுங்கள்.

போக்குவரத்துப் படி, துணையாளர் படி யாருக்கு?

தனியாகப் பள்ளிக்கு வர முடியாத குழந்தைக்குப் போக்குவரத்துப் படி. கூடவே ஒருவர் வந்துபோக வேண்டியிருந்தால் துணையாளர் படி. அந்த ஒருவர் பெற்ற தாயாகவும் இருக்கலாம். பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறும் அம்மாக்கள் பலர் ‘என் பிள்ளைக்கு நான் செய்வதற்குக் காசா’ என்று கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன் 16ஆம் பிரிவே, குழந்தைக்கும், அதிக உதவி தேவைப்படும் குழந்தையின் துணையாளருக்கும் போக்குவரத்து வசதி செய்து தர வேண்டும் என்று சொல்கிறது. அந்த அம்மா கூலி வேலையை விட்டுவிட்டுத்தான் பள்ளி வாசலில் உட்கார்ந்திருக்கிறார். தொகை ஆண்டு ஒப்புதலைப் பொறுத்தது. வருகைப் பதிவை வைத்துத்தான் இது வழங்கப்படும் என்பதால், குழந்தை வந்த நாட்கள் சரியாகப் பதிவாகின்றனவா என்று மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

மருத்துவ முகாமில் அளவெடுத்தார்கள். உபகரணம் எப்போது வரும், யார் பணம்?

ஆண்டுதோறும் நடக்கும் முகாமில் எலும்பு மருத்துவர், காது மூக்கு தொண்டை மருத்துவர், கண் மருத்துவர், மனநல மருத்துவர் ஆகியோர் உட்காருவார்கள். தேசிய அடையாள அட்டை, தனித்துவ அடையாள எண் ஆகியவற்றுக்கான வேலையும் பெரும்பாலும் அங்கேயே நடந்துவிடும். உபகரணங்களுக்கு அளவெடுக்க அலிம்கோ நிறுவனத்தின் ஆட்கள் வருவார்கள். 1972-ல் தொடங்கப்பட்ட, கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்தியப் பொதுத்துறை நிறுவனம் அது. உபகரணத்தின் விலையில் 60 பங்கு மத்திய அரசின் உபகரண உதவித் திட்டத்தின் வழியாகவும், 40 பங்கு சமக்ர சிக்ஷா வழியாகவும் கொடுக்கப்படுகிறது. பெற்றோர் எதுவும் கட்ட வேண்டியதில்லை.

அளவெடுக்கும் நாளும் கையில் கிடைக்கும் நாளும் தூரமாக இருப்பதுதான் இதில் பெரிய குறை. பத்து வயதுப் பையனுக்கு ஜூலையில் காலிப்பருக்கு (காலைத் தாங்கிப் பிடிக்கும் கருவி) அளவெடுத்து மார்ச்சில் கொடுத்தால், முழங்காலுக்கு மேல் இருக்க வேண்டிய பட்டை கீழே வந்து உரசும். உரசிய இடம் சிவந்து புண்ணாகும். பையன் ஒரு வாரம் போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றி மூலையில் வைப்பான். கணக்கில் அந்தக் குழந்தைக்கு ‘உபகரணம் வழங்கப்பட்டது’ என்று இருக்கும். அடுத்த முகாமில் கேட்டால் போன முறை வாங்கியாயிற்றே என்பார்கள்.

அதனால் சில காரியங்களைச் செய்யுங்கள். அளவெடுத்த தேதியையும் அளவுச் சீட்டையும் போன் கேமராவில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வழங்கும் நாளில் அங்கேயே குழந்தைக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பொருந்தவில்லையென்றால் பொருந்தவில்லை என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். காது கேட்கும் கருவி என்றால், காதுக்குள் பொருந்தும் அச்சைக் குழந்தை வளர வளர மாற்ற வேண்டும். பேட்டரிக்கும் வழி கேட்க வேண்டும். அச்சு தளர்ந்தால் கருவி கீச்சென்று சத்தம் போடும், வகுப்பில் மற்ற பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள், குழந்தை கழற்றிப் பைக்குள் போட்டுவிடும். கருவி கொடுத்தபின் பேச்சுப் பயிற்சி இல்லையென்றாலும் பாதிப் பயன்தான். பழுது, மாற்று அச்சு, மறு அளவு ஆகியவற்றைத் தலைமை ஆசிரியர் வழியாக எழுதிக் கேட்டால் அடுத்த ஆண்டுத் திட்டத்தில் சேர்க்க இடமிருக்கும்.

சிறப்புப் பயிற்றுநரின் சம்பளமும் இதிலிருந்தா போகிறது?

இல்லை, அது தனித் தலைப்பு. உபகரணத்துக்கும் சிகிச்சைக்கும் உள்ள பணத்தைச் சம்பளம் விழுங்கிவிடக் கூடாது என்பதற்காகவே பிரித்து வைத்திருக்கிறார்கள்.

எத்தனை பேர் இருக்க வேண்டும் என்பதற்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021 அக்டோபரில் வந்த அந்தத் தீர்ப்பு, தொடக்க வகுப்புகளில் 10 மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்ற அளவை வைத்தது. 2025 மார்ச்சில் அதே வழக்கில், இந்த அளவின்படி பணியிடங்களை அறிவிக்க வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் நீதிமன்றம் உத்தரவிட்டது. நடப்பில் ஒரு பயிற்றுநர் பல பள்ளிகளைச் சுற்றி வருகிறார். ஒரே பள்ளிக்கு வாரத்தில் ஒருநாள், அதுவும் பயிற்சிக் கூட்டம் வைத்தால் அந்த நாளும் போய்விடும். அவர்களில் பலர் தொகுப்பூதியத்தில், பணி நிரந்தரம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் உழைத்துக்கொண்டிருப்பவர்கள். பயிற்றுநர் வரவில்லை என்று புகார் எழுதும்போது, கூடவே பணியிடம் நிரப்பச் சொல்லியும் எழுதுங்கள். இரண்டும் ஒரே பிரச்சினை.

என் பையனுக்குக் குறைபாடு 40 சதவீதம் இல்லை என்று சான்றிதழ் மறுத்துவிட்டார்கள். எதுவுமே கிடைக்காதா?

அப்படி இல்லை. 40 சதவீதம் என்பது சில உரிமைகளுக்கான அளவு. 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி, இலவசப் புத்தகங்கள் மற்றும் உதவிக் கருவிகள் ஆகியவற்றை மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அந்த அளவோடு சேர்த்துச் சொல்கிறது. ஆனால் பள்ளி சேர்த்துக்கொள்ள வேண்டும், தேவைக்கேற்ற வசதி செய்து தர வேண்டும், கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டறிந்து அதற்கேற்பக் கற்பிக்க வேண்டும் என்ற 16ஆம் பிரிவுக் கடமைகளுக்குச் சதவீதம் கிடையாது. சட்டத்தின் அட்டவணையில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. அதில் வரும் குழந்தைக்குச் சிறப்புப் பயிற்றுநரின் பாடமும் சிகிச்சையும் சான்றிதழுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சந்தேகம் வந்தால் ஆசிரியரே முதல்நிலைக் கண்டறிதலைச் செய்ய ‘நலம் நாடி’ செயலி இருக்கிறது. அதில் பதியச் சொல்லுங்கள்.

பள்ளிக்கே போக முடியாமல் வீட்டில் இருக்கும் குழந்தைக்கு?

கடுமையான குறைபாடோ பல்வகைக் குறைபாடோ உள்ள குழந்தை வீட்டிலிருந்தே கற்கலாம் என்று கல்வி உரிமைச் சட்டத்தில் 2012-ல் திருத்தம் வந்தது. குழந்தையின் பெயர் அருகிலுள்ள பள்ளியின் பதிவேட்டில் இருக்கும். பயிற்றுநரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வருவார்கள். செலவு இந்த நிதியிலிருந்து. வீட்டுவழிக் கல்வியை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. சட்டம் அதைக் குழந்தையின் உரிமையாகத் தருகிறது. பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, மற்ற பெற்றோர் முணுமுணுக்கிறார்கள் என்று காரணம் சொல்லி, வரக்கூடிய குழந்தையை வீட்டுவழிப் பட்டியலில் தள்ளுவதற்குச் சட்டத்தில் இடமில்லை. உங்கள் குழந்தை வாரத்தில் இரண்டு நாளாவது வகுப்பில் உட்கார முடியும் என்று நீங்கள் நினைத்தால் அதை எழுதிக் கேளுங்கள்.

தனியார் பள்ளியில் படித்தால்? சிறப்புப் பள்ளியில் படித்தால்?

அரசு உதவி பெறாத தனியார் பள்ளிக்கு இந்த நிதி இல்லை. ஆனால் அங்கீகாரம் பெற்ற எந்தப் பள்ளிக்கும் 16ஆம் பிரிவுக் கடமை பொருந்தும். ‘எங்களுக்கு அரசு பணம் தரவில்லை’ என்று சொல்லிச் சேர்க்கையை மறுக்க முடியாது. தொண்டு நிறுவனங்கள் நடத்தும் சிறப்புப் பள்ளிகளுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழியாக வேறு மானியங்கள் வருகின்றன. அவை இந்தக் கணக்கில் சேராது.

மாற்றுத்திறனாளிகள் நலத்துறையில் உதவித்தொகை வாங்குகிறோம். பள்ளியில் கிடைப்பது நின்றுவிடுமா?

நிற்காது. நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகையும் கல்வி உதவித்தொகையும் வேறு, பள்ளி வழியாகக் கிடைக்கும் சிகிச்சையும் படிகளும் வேறு. ஒரே பொருளை இரண்டு இடத்தில் வாங்குவதற்குத்தான் தடை. ஒரே ஆண்டில் இரண்டு சக்கர நாற்காலி தரமாட்டார்கள்.

பிற துறைகளின் திட்டங்களைப் பயன்படுத்தினால் பள்ளி நிதி மிச்சமாகி இன்னொரு குழந்தைக்குப் போகும் என்பதையும் சொல்ல வேண்டும். காதுக்குள் பொருத்தும் காக்ளியர் அறுவை சிகிச்சை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இருக்கிறது. பள்ளிக்கு வரும் சிறார் நலத்திட்ட மருத்துவக் குழு கண்டறியும் குழந்தைகளை மாவட்ட இடையீட்டு மையத்துக்கு அனுப்புகிறது. ‘விழுதுகள்’ ஒருங்கிணைந்த சேவை மையம் உங்கள் பகுதியில் திறந்திருந்தால் சிகிச்சைக்கு அங்கேயும் போகலாம்.

மத்திய அரசு பணம் தரவில்லை, அதனால்தான் எல்லாம் நின்றது என்கிறார்கள். உண்மையா?

2024–25-க்கான மத்தியப் பங்கு சுமார் 2,152 கோடி ரூபாய் அந்த ஆண்டில் தமிழ்நாட்டுக்கு விடுவிக்கப்படவில்லை என்பது உண்மை. மத்திய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளிகள் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடாததைத் தொடர்ந்து எழுந்த சிக்கல் அது. 2025 மே மாதம் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றம் சென்றது. இதில் யார் பக்கம் நியாயம் என்ற விவாதம் பெரிது. ஆனால் மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு அந்த விவாதத்தில் எந்தப் பங்கும் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கடமையை மத்திய, மாநில அரசுகள் இரண்டின் மீதும் வைக்கிறது. தவணை வந்தால் செய், வராவிட்டால் விடு என்று அதில் எங்கும் இல்லை. சிகிச்சை நின்றுவிட்டது என்று சொன்னால், எந்தத் தேதியிலிருந்து நின்றது, மாற்று ஏற்பாடு என்ன என்று எழுத்தில் பதில் கேளுங்கள்.

ஆண்டு முடிவில் செலவாகாத பணம் என்ன ஆகும்?

நிதியாண்டு மார்ச் 31-ல் முடிகிறது. 2021-லிருந்து இப்படிப்பட்ட திட்டங்களின் பணம் மாநில அளவில் ஒரே மையக் கணக்கில் இருக்கிறது. கீழே உள்ள அலுவலகங்களுக்கு வரம்பு மட்டும் தருகிறார்கள். அந்த வரம்புக்குள் செலவு செய்தால் மையக் கணக்கிலிருந்து பணம் போகும். செலவாகாத தொகையை அடுத்த தவணை விடுவிக்கும்போது கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். அதாவது இந்த ஆண்டு செலவழிக்காத மாவட்டத்துக்கு அடுத்த ஆண்டு தேவை குறைவு என்ற தோற்றம் வந்துவிடுகிறது. மார்ச் மாதத்தில் அவசர அவசரமாக எதையாவது வாங்கி முடிப்பதும் இதனால்தான் நடக்கிறது. தேவைப் பட்டியலை ஜூன், ஜூலையிலேயே கொடுத்துவிட்டால் அந்த அவசரத்தில் நம் பிள்ளைகளுக்கு உதவாத பொருள் வந்து சேருவதைப் பெருமளவு தடுக்கலாம்.

தலைமை ஆசிரியர் என்ன பதிவுகள் வைத்திருக்க வேண்டும்?

குழந்தைவாரியாக ஒரு கோப்பு போதும். மதிப்பீட்டுச் சீட்டு, அந்தக் குழந்தைக்கென்றே வகுத்த தனிநபர் கல்வித் திட்டம், உபகரணம் வழங்கிய நாள், சிகிச்சை நடந்த நாட்கள், படி வழங்கிய விவரம், பெற்றோர் கொடுத்த கடிதங்கள் எல்லாம் அதில் இருக்கட்டும். குழந்தையின் மருத்துவ விவரங்களைத் தகவல் பலகையிலோ வாட்ஸ்அப் குழுவிலோ போடக் கூடாது. பட்டியலை அனுப்பும் அவசரத்தில் பெயரும் குறைபாடும் ஊர்க் குழுவில் போய் விழுந்து, அந்தக் குடும்பம் குறுகிப்போக நேர்ந்தால் அதை யாராலும் திரும்ப எடுக்க முடியாது.

கணக்கைப் பெற்றோர் பார்க்க முடியுமா?

முடியும். திட்ட ஒப்புதல் வாரியத்தின் கூட்டக் குறிப்புகள் மத்தியக் கல்வி அமைச்சகத்தின் இணையதளத்தில் மாநிலவாரியாக வெளியிடப்படுகின்றன. உள்ளடக்கிய கல்வித் தலைப்பில் எத்தனை குழந்தைகளுக்கு, எந்த வேலைக்கு, எத்தனை லட்சம் ஒப்புதலானது என்று அதில் இருக்கும்.

உங்கள் வட்டாரத்துக்கு வந்தது எவ்வளவு என்பதற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்துடன் மனுப் போடலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். கேள்வியைக் குறுக்கிக் கேளுங்கள். ‘நிதி முழுவதையும் தெரிவிக்கவும்’ என்றால் சுற்றி வளைத்த பதில் வரும். ‘இந்த வட்டார வள மையத்துக்கு இந்த நிதியாண்டில் இயன்முறை சிகிச்சைக்காக ஒப்புதலான தொகை, செலவான தொகை, சிகிச்சை நடந்த நாட்கள்’ என்று கேட்டால் எண்ணாகத்தான் பதில் சொல்ல முடியும். மற்றக் குழந்தைகளின் பெயர்களைக் கேட்காதீர்கள். தரவும் மாட்டார்கள், தரவும் கூடாது.

பள்ளி மேலாண்மைக் குழுவால் இதில் என்ன செய்ய முடியும்?

நிறையச் செய்ய முடியும். கல்வி உரிமைச் சட்டப்படி குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். பள்ளி வளர்ச்சித் திட்டத்தில் மாற்றுத்திறன் குழந்தைகளின் தேவையைத் தனிப் பத்தியாக எழுதித் தீர்மானம் போட்டால், அது வட்டாரத்துக்குப் போகும் காகிதமாகிறது. தனி ஒரு தாய் கேட்பதற்கும் குழு கேட்பதற்கும் அலுவலகத்தில் கிடைக்கும் மரியாதை வேறு. உங்கள் பள்ளிக் குழுவில் மாற்றுத்திறன் குழந்தையின் பெற்றோர் ஒருவர்கூட இல்லையென்றால், அடுத்த மறுகட்டமைப்பில் நீங்களே பெயர் கொடுங்கள்.

எல்லாம் கேட்டும் நடக்கவில்லை. அடுத்து எங்கே போவது?

முதலில் தலைமை ஆசிரியருக்கும் வட்டார வள மைய மேற்பார்வையாளருக்கும் தேதியிட்ட கடிதம், ஒப்புகையோடு. பிறகு மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர். ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனுக் கொடுக்கலாம். அதற்கு மேல், மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். உரிமைச் சட்டத்தின்படி அவருக்கு விசாரிக்கும் அதிகாரம் உண்டு. அவர் பரிந்துரை செய்தால், சம்பந்தப்பட்ட அதிகாரி மூன்று மாதத்துக்குள் என்ன நடவடிக்கை எடுத்தார் என்று பதில் சொல்லியாக வேண்டும்; ஏற்கவில்லையென்றால் காரணம் சொல்லியாக வேண்டும். பள்ளியில் சேர்க்க மறுப்பு, அவமதிப்பு, தண்டனை போன்றவற்றுக்கு மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கும் எழுதலாம்.

மனுவில் கோபத்தைக் குறைத்து விவரத்தைக் கூட்டுங்கள். குழந்தையின் பெயர், வகுப்பு, எமிஸ் எண், என்ன தேவை, எந்தத் தேதியில் கேட்டீர்கள், யார் என்ன பதில் சொன்னார்கள், இப்போது என்ன வேண்டும் என்பவை ஒரே பக்கத்தில் இருக்கட்டும். எழுத வராது என்றால் சிறப்புப் பயிற்றுநரிடமோ குழுவில் உள்ள இன்னொரு பெற்றோரிடமோ எழுதித் தரச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடுமுன் ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஒரு நகலை வீட்டுக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.